விலைப் பலகையில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்

உழவர் சந்தைகளை நடத்தும் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அதிகாரிகளுக்கும், நகராட்சி, மாநகராட்சி நாளங்காடிகளுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

பங்குனி முடியப்போகிறது. இன்னும் சில நாட்களில் செந்தூராவும் பங்கனபள்ளியும் சந்தை வாசலில் குவியும். தர்பூசணி வண்டிகள் வரிசை கட்டும். நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் பலாவும் வந்துவிடும். மார்கழியில் கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற மல்லிகை, எல்லோரும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கும். வாங்குகிறவருக்கு ஆண்டில் இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் மக்கள் அதிகம் ஏமாறுவதும் இந்தச் சித்திரை, வைகாசியில்தான். அந்த ஏமாற்றத்தில் பெரும்பகுதியைக் குறைக்க உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளே போதும். அது சந்தை வாசலில் நிற்கும் விலைப் பலகை.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது அந்தப் பலகைதான் அதன் உயிர்நாடியாக இருந்தது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாக விலை வைப்பது என்பது கணக்கு. தினமும் காலையில் அது பலகையில் ஏறிவிடும். தரகு கிடையாது, தராசு சந்தையே கொடுக்கும். கத்தரிக்கும் வெண்டைக்கும் தக்காளிக்கும் இந்த ஏற்பாடு ஆண்டு முழுவதும் நன்றாகவே நடக்கிறது. ஏனென்றால் கத்தரிக்காயின் தரம் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும். விலை மட்டும் தெரிந்தால் போதும்.

மாம்பழம் அப்படியில்லை. தர்பூசணியும் மல்லிகையும் அப்படியில்லை. எந்த ரகம், எப்போது பறித்தது, எப்படிப் பழுத்தது என்று தெரியாமல் இவற்றின் விலையை மட்டும் அறிந்து பயனில்லை. பல பலகைகளில் ‘மாம்பழம்’ என்று ஒரே ஒரு வரி இருக்கும், பக்கத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று ஓர் எண் இருக்கும். அந்த ஒரு வரிக்குள் செந்தூராவும் மல்கோவாவும் பிஞ்சில் பறித்த காயும் ஒன்றாகக் கிடக்கின்றன. எங்கள் கோரிக்கை இதுதான்: சித்திரை முதல் தேதியிலிருந்து வைகாசி கடைசி வரைக்கும், பலகையில் விலைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் கிழியுங்கள். ரகம், பறித்த நாள், பழுத்த விதம். பூவுக்கு மட்டும் மூன்றாவது கட்டத்தில் அளவை எழுதுங்கள். ஏன் கேட்கிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

மாம்பழத்தில் எல்லாரும் பயப்படுவது ‘கல்லு போட்டுப் பழுக்க வைத்த’ பழத்துக்கு. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். பழம் தானாகப் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் செய்யும் வேலையை அது ஓரளவு செய்துவிடும். தொழிற்சாலைக்காகத் தயாராகும் அந்தக் கல்லில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பதால்தான் அது ஆபத்து. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் அதற்கு வெளிப்படையான தடை இருக்கிறது. அதற்கு மாற்றாக, பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு மேல் போகாமல் எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-ல் அனுமதி கிடைத்தது. ஆண்டுதோறும் கோடையில் சோதனை நடக்கிறது, பெட்டி பெட்டியாகப் பழத்தை அழிக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் பிரச்சினையின் வேர் கல்லில் இல்லை. முற்றாத காயைப் பறிப்பதில் இருக்கிறது.

பருவத்தின் முதல் இரண்டு வாரம் விலை உச்சத்தில் இருக்கும். அந்த விலையைப் பிடிக்கத்தான் இன்னும் பத்துப் பதினைந்து நாள் மரத்தில் நிற்க வேண்டிய காயைப் பறித்துவிடுகிறார்கள். காய் பிடித்து முற்றுவதற்கு ரகத்தைப் பொறுத்து ஏறக்குறைய 90 முதல் 120 நாள் ஆகும். அதற்குள் பறித்த காயில் மாவுச்சத்து சரியாகச் சேர்ந்திருக்காது. பழுக்கும்போது சர்க்கரையாக மாறுவது அந்த மாவுச்சத்துதான். அது இல்லாத காய்க்குக் கல் போட்டாலும், அனுமதி பெற்ற எத்திலீன் அறையில் வைத்தாலும், வைக்கோலில் புதைத்தாலும் தோல் மஞ்சளாகும், உள்ளே புளிப்புதான் இருக்கும். வாங்கிப்போனவர் கடித்துப் பார்த்துவிட்டு ‘கல்லு போட்ட பழம்’ என்கிறார். பல நேரம் அது கல் போட்டதாக இருக்காது. பிஞ்சில் பறித்ததாக இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் நேர்மையாக எத்திலீன் அறை வைத்திருக்கிறவருக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வருகிறது.

முற்றிய காயை அடையாளம் காண ஆய்வகம் தேவையில்லை. ஒரு பங்கனபள்ளிக் காயைக் கையில் எடுத்துக் காம்புப் பக்கம் பாருங்கள். முற்றியிருந்தால் காம்பு ஒரு சின்னக் குழிக்குள் இறங்கியிருக்கும், இரண்டு பக்கத் தோளும் காம்பின் மட்டத்தைத் தாண்டி மேலே எழும்பியிருக்கும், கன்னம் உப்பியிருக்கும். தோலில் உள்ள சின்னப் புள்ளிகள் வெளிறி, ஒன்றுக்கொன்று தள்ளித் தெரியும். பிஞ்சில் தோள் கீழே சரிந்து, காம்பு மேட்டில் நிற்கும். ஒரு காயை நறுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையாக இருந்தால் காய் இளசு, இளமஞ்சள் ஏறியிருந்தால் முற்றியது. கொட்டை ஓட்டில் கத்தி சுலபமாக இறங்கினாலும் அது இளசுதான்.

இன்னொரு சோதனை வாளித் தண்ணீர். முற்றிய காய் தண்ணீரில் மூழ்கும், இளங்காய் மிதக்கும். இதையே ‘மிதந்தால் கல்லு போட்டது’ என்று மாற்றிக் கைப்பேசியில் பரப்புகிறார்கள். அது தவறு. மிதப்பது முற்றவில்லை என்பதைத்தான் காட்டும், எதைப் போட்டுப் பழுக்க வைத்தார்கள் என்பதைக் காட்டாது. பழுக்காத பச்சைக் காயில் இந்தச் சோதனையைச் செய்வதே சரி. வண்டி சந்தைக்குள் வரும்போதே, கூடைக்குப் பத்துக் காய் வீதம் எடுத்து வாளியில் போட்டுப் பார்க்க உங்கள் பணியாளர் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஆகும். பத்தில் மூன்றுக்கு மேல் மிதந்தால் அந்தக் கூடையை ‘மாங்காய்’ என்று ஊறுகாய்க்கும் பச்சடிக்கும் விற்கச் சொல்லலாம். விவசாயிக்கும் நட்டம் பெரிதாக வராது. வாங்குகிறவரும் தெரிந்தே வாங்குவார்.

ரகத்தை எழுதினால் பருவத்தையும் எழுதியது போலாகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் செந்தூராவும் பங்கனபள்ளியும் ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை. இமாம் பசந்த் மே பிறந்த பிறகுதான். மல்கோவா அதற்கும் பிறகு. நீலம் ஜூன், ஜூலையில். ராஜபாளையம் பக்கத்துச் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்துக்கும் அந்தந்த ஊர்க் கணக்கு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் பருவமே வேறு. இதை ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் ஏப்ரல் முதல் வாரத்தில் ‘இமாம் பசந்த்’ என்று வருவதைப் பார்த்து வாங்குகிறவரே கேள்வி கேட்பார். நீலத்துக்கு ஒரு குறிப்பும் சேர்த்தால் நல்லது. அதன் கொட்டைக்குள் வண்டு இருப்பது பழம் கெட்டதற்கு அடையாளமில்லை. பழம் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போதே தாய் வண்டு தோலில் முட்டை வைத்துவிடும். புழு கொட்டைக்குள் போய்விடும். காய் பெருக்கும்போது துளை மூடிக்கொள்ளும். வெளியே எந்தத் தடயமும் இருக்காது. விற்றவர் மறைத்து விற்றார் என்று சந்தையில் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. சதையில் நெளியும் வெள்ளைப் புழு வேறு. அது பழ ஈயின் வேலை, கோடை மழை விழுந்த பிறகு அதிகமாகும். தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் அதைச் சுற்றி மெத்தென்ற பகுதியும் இருந்தால் அந்தப் பழத்தைத் தவிர்க்கலாம்.

பழுத்த விதம் என்ற கட்டத்தில் ‘வைக்கோல்’, ‘எத்திலீன் அறை’, ‘காயாக’ என்ற மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். இதில் காயாக வாங்குவதுதான் வீட்டுக்கு மிக நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. முற்றிய காயை ஒரு சென்டிமீட்டர் காம்போடு வாங்கி, வைக்கோல் பரப்பிய பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வைத்து மூடினால் நான்கு முதல் ஆறு நாளில் பழுத்துவிடும். காம்பு ஒட்ட ஒடிந்திருந்தால் பால் வடிந்து தோலில் கறுப்புக் கறை விழும், காம்படியில் அழுகலும் தொடங்கும். தினமும் ஒருமுறை திறந்து பழுத்ததை எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பக்கத்தில் உள்ளவையும் போய்விடும். பழுக்குமுன் குளிர்பெட்டியில் வைத்தால் காய் குளிர் தாங்காமல் தோல் சாம்பல் பூத்து, கடைசிவரை மணமே வராது. பழுத்த பிறகு வைத்துக்கொள்ளலாம். உழவர் சந்தையில் காயாக விற்பதற்கு ஒரு தனி வரிசை ஒதுக்கினால் கல் போடுகிற ஆசைக்கே இடமில்லை.

பலகையில் ஒரு வரி இப்படி இருக்கும்: ‘பங்கனபள்ளி – பறித்தது ஞாயிறு மாலை – காயாக – கிலோ இவ்வளவு.’ ஒரு கை அகல வரி. அதைப் படித்துவிட்டு ஒரு பாட்டி எத்தனை நாளில் பழுக்கும் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தர்பூசணிக்கு வருகிறோம். 2025 கோடையில் பழத்துக்குள் சாய ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வாங்குவோர் பயந்து ஒதுங்க, விலை சரிந்து விவசாயிகள் தவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சந்தை வாசலில் ஒரு பழத்தை எல்லார் முன்னாலும் அறுத்துக் காட்டியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி அன்றே போயிருக்கும். பழத்தின் சிவப்பு, தக்காளியில் உள்ள அதே லைகோபீன்தான். ஊசி குத்தினால் அந்தத் துளை வழியே காற்றும் கிருமியும் போய், இந்த வெயிலில் ஓரிரு நாளிலேயே பழம் நுரைத்துப் புளித்துவிடும். ஏற்றிய சாயம் சதை முழுக்கச் சீராகப் பரவாது, குத்திய இடத்தைச் சுற்றித் திட்டாக நிற்கும். சந்தேகம் வந்தால் வெள்ளைப் பஞ்சை அறுத்த சதையில் தேய்த்துப் பார்க்கலாம். லேசான இளஞ்சிவப்பு இயல்பு. அடர்சிவப்பாகப் பஞ்சு ஊறினால் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புங்கள். அனுப்பி, முடிவு வந்த பிறகு சொல்லுங்கள். முடிவு வருமுன் கேமரா முன்னால் பேசுவது விதைத்துக் காத்திருந்தவரின் வயிற்றில் அடிப்பது.

நல்ல பழத்தைத் தெரிந்தெடுக்க மூன்று அடையாளம் போதும். தரையில் படுத்திருந்த இடம் வெண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் ஒரு வாரம் கொடியில் நின்றிருக்க வேண்டிய காய். காம்பை ஒட்டிய பற்றுக்கம்பி காய்ந்து சுருண்டிருக்க வேண்டும். அதே அளவுள்ள இரண்டில் கனமானதை எடுக்க வேண்டும். பற்றுக்கம்பியோடு இரண்டு விரல் நீளம் காம்பு விட்டு அறுத்துவரச் சொல்லி நீங்கள் விவசாயிகளிடம் கேட்டாலே போதும், வாங்குகிறவர் கையால் தட்டித் தட்டிப் பார்த்துப் பழத்தைப் புண்ணாக்குவது நின்றுவிடும்.

பலாவைப் பற்றி ஒன்றே ஒன்று. முழுப் பழத்தை எடை போட்டு விற்கும்போது வீட்டுக்குப் போவது எவ்வளவு சுளை என்பதை யாரும் சொல்வதில்லை. தோல், சடை, நடுத்தண்டு, கொட்டை போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சுளை மிஞ்சும். 9 கிலோ பழத்தில் 3 கிலோ. இதைப் பலகையில் எழுதினால், உரித்த சுளையின் விலையைப் பார்த்து ‘கொள்ளையடிக்கிறார்கள்’ என்று சண்டை போடுவோரும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். நுங்கும் இப்படித்தான்: எண்ணி விற்பது பழைய வழக்கம், அதை மாற்ற வேண்டாம். ஆனால் குலையோடு கொண்டுவந்து வாங்குகிறவர் கண்ணெதிரே சீவிக் கொடுப்பவருக்கு முன்னிடம் கொடுங்கள். முன்கூட்டியே தோண்டித் தட்டில் வைத்த நுங்கு வெயிலில் சில மணி நேரத்தில் வழவழத்துப் புளிப்பேறிவிடும்.

இனி மல்லிகை. இதில்தான் எங்களுக்கு மனக்குறை அதிகம்.

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்ச்சிலிருந்து ஜூலை வரை அதன் பெருவரத்து. விடியுமுன் மொட்டாகப் பறிப்பார்கள். சாயங்காலம் தலையில் இருக்கும்போது அது அவிழும். ஆகவே மல்லிகையில் நாம் வாங்குவது பூவை இல்லை, இன்று மாலை அவிழப்போகும் மொட்டை. நேற்றுப் பறித்து ஐஸில் வைத்த மொட்டும் இன்றைய மொட்டும் காலை 7 மணிக்குப் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். காம்பைப் பார்த்தால் தெரியும். இன்றையதில் காம்பு பச்சையும் வெள்ளையுமாக விறைத்து நிற்கும். நேற்றையதில் துவண்டு, இதழ் ஓரத்தில் ஊதா அல்லது பழுப்பு ஏறத் தொடங்கியிருக்கும். மிகச் சின்னதாக, கெட்டியாக, பச்சை கலந்த மொட்டு பிஞ்சில் பறித்தது, அது அவிழாமலே வாடும். தண்ணீர் தெளித்துக் கனம் ஏற்றுவதும் உண்டு. ஒரு கைப்பிடியை அள்ளி வெள்ளைத் தாளில் வைத்துப் பத்து எண்ணுவதற்குள் தாள் நனைந்து ஒட்டினால், அந்த எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பலகையில் ‘பறித்தது இன்று காலை’ என்ற மூன்று சொல் இருந்தால் நேற்றையதை இன்றைய விலைக்கு விற்க யாருக்கும் துணிவு வராது. நேற்றைய மொட்டையும் விற்கலாம், பாதி விலைக்கு, அப்படியே சொல்லி. பூஜைக்கு வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியாக வாங்குவார்கள்.

தொடுத்த பூவில் சிக்கல் முழத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு வைத்து நாரைச் சுற்றி இறுக்கினால் ஒரு கண்ணி. கண்ணிக்குக் கண்ணி ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தொடுத்தால் 45 சென்டிமீட்டர் முழத்தில் 45 கண்ணி, 180 மொட்டு. அதையே ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுத் தொடுத்தால் 30 கண்ணி, 120 மொட்டு. விலை ஒன்று, பெயர் ஒன்று, பூவோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. அளக்கும் கை சிறியதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். இடையே நார் தெரியாமல் தொடுத்ததுதான் நெருக்கமான பூ என்று தெரிந்தவர்கள் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். தெரியாதவர்கள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விற்பனை மெட்ரிக் அளவில்தான் நடக்க வேண்டும். முழம் என்ற சொல்லை விட்டுவிடச் சொல்லவில்லை, அது நம் வாயில் காலங்காலமாக இருக்கும் சொல். பூ விற்கும் மேசை ஒவ்வொன்றிலும் 45 சென்டிமீட்டருக்கு இரண்டு வெள்ளைக் கோடு போட்டுவிடுங்கள். இதுதான் முழம் என்று எல்லாருக்கும் தெரியட்டும். உதிரி மல்லியை 50 கிராம், 100 கிராம் என்று தராசில் போட்டு விற்கவும், தொடுக்கும் கூலியைத் தனியாகச் சொல்லவும் ஏற்பாடு செய்தால் இன்னும் நல்லது. தொடுக்கிற பெண்களின் உழைப்புக்கும் அப்போது வெளிப்படையாக ஒரு விலை நிற்கும்.

முகூர்த்த நாட்களையும் பலகையில் ஒரு வாரம் முன்பே எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் வளர்பிறை முகூர்த்தம் வந்தால், பெருவரத்திலும் மல்லி விலை ஒரே இரவில் ஏறிவிடும். தெரிந்திருந்தால் கோயிலுக்கு மாலை வாங்குவோர் அன்று சம்பங்கிக்கும் அரளிக்கும் மரிக்கொழுந்துக்கும் மாறிக்கொள்வார்கள். மல்லியை முன்கூட்டி வாங்கி வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாலிதீன் பையில் கட்டிய மொட்டு தன் மூச்சிலேயே வியர்த்து, மறுநாள் பழுப்பாகும். ஈரத்துணியிலோ வாழையிலையிலோ தளர்வாகச் சுற்றினால் ஒரு நாள் தாங்கும். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குப் பூக்கடையைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

புத்தாண்டுக்கு முந்தைய இரண்டு நாளில் மட்டும் வேப்பம்பூவும் கொன்றையும் விற்பனைக்கு வரும். பச்சடிக்கு வாங்கும் வேப்பம்பூ, மரத்தடியில் துணி விரித்து உலுக்கி எடுத்ததா, சாலையோரத்தில் கூட்டி அள்ளியதா என்பது முக்கியம். உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்து ஊதினால் மண் ஒட்டுவது தெரிந்துவிடும். சரக்கொன்றை ஒடித்த சில மணி நேரத்தில் உதிரத் தொடங்கும். காலையில் வாங்கி அன்றே வைப்பதற்குத்தான் அது.

காய்கறியில் இந்தப் பருவத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முருங்கை குவிந்து கிடக்கும். இரு கையால் லேசாக முறுக்கிப் பார்த்து வளைந்து கொடுத்தால் நல்லது, விறைத்து நின்று விதை புடைத்திருந்தால் நார்தான். வெள்ளரிப்பிஞ்சு கசப்பது தண்ணீர் பற்றாக்குறையில் வளர்ந்ததால். கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கம் சேர்ந்திருக்கும். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதைவிட, காம்புப் பக்கம் இரண்டு விரல் அகலம் வெட்டிப் போடுவது பயன் தரும். கொத்தமல்லி வெயிலில் சீக்கிரம் பூவெடுத்துவிடும் என்பதால் விலை ஏறும், அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஆனால் கீரைக்கு நீங்கள் ஒன்று செய்ய முடியும். காலை 5 மணிக்கு வரும் முளைக்கீரை, 9 மணிக்கு வெயில் கூரைக்குள் இறங்கியதும் தொங்கிவிடுகிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் பாதி விலைக்கு விற்கிறார்கள், மீதி குப்பைக்குப் போகிறது. புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த மின்சாரமில்லாத குளிர்பெட்டி இதற்கென்றே இருக்கிறது. 165 சென்டிமீட்டர் நீளம், 115 அகலத்தில் செங்கல் தளம். அதன் மேல் 67.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி, அதில் ஆற்றுமணல். மூங்கில் சட்டத்தில் வைக்கோல் வேய்ந்த மூடி, மேலே ஒரு நிழற்கூரை. முதல் நாள் மணலும் செங்கலும் ஊறும்வரை தண்ணீர் விட வேண்டும், பிறகு காலையும் மாலையும் நனைத்தால் போதும். உச்சிக் கோடையில் வெளியைவிட உள்ளே 10 முதல் 15 டிகிரி வரை குறையும். சுமார் 100 கிலோ காய்கறி பிடிக்கும். மதுரை, திருச்சி, சேலம், வேலூர் போன்ற உலர்ந்த வெயில் ஊர்களில் இது அருமையாக வேலை செய்யும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போலக் கடற்காற்றின் புழுக்கம் உள்ள இடத்தில் தண்ணீர் ஆவியாவது மெதுவாக நடக்கும், பலன் குறைவு. அங்கே கட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மணலுக்கு நல்ல தண்ணீர் விடாமல் சாக்கடை ஓரத்துத் தண்ணீரை விட்டாலோ, பெட்டியை வாரம் ஒருமுறை கழுவாவிட்டாலோ பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகிவிடும். அதே பெட்டியில் பழுத்த மாம்பழத்தை வைக்கக் கூடாது. அது விடும் எத்திலீனில் கீரையும் வெள்ளரியும் ஒரே இரவில் மஞ்சளாகிவிடும். இரவில் பூட்டி வைக்கும் கிடங்குக்கும் இதே விதிதான்.

தராசைப் பற்றி நீங்களே அறிவீர்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரை வாங்குகிறவர் பக்கம் தெரியும்படி தராசு திரும்பி நிற்கட்டும். வாசலில் ஒரு சோதனைத் தராசும் இருக்கட்டும். மாம்பழம் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வாங்கும் பருவத்தில் கிலோவுக்கு 50 கிராம் குறைந்தாலும் மூன்று கிலோவில் 150 கிராம் போய்விடும்.

இவை எல்லாவற்றையும் எல்லாச் சந்தையிலும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு சந்தை போதும், இந்தச் சித்திரையும் வைகாசியும் மட்டும். பலகையில் கட்டம் கிழிக்கச் சுண்ணக்கட்டி, மேசையில் கோடு போட ஒரு டப்பா பெயின்ட், வாசலில் ஒரு வாளி, ஒரு சோதனைத் தராசு. அதிகாலையில் வண்டி வரும்போது ரகமும் பறித்த நாளும் கேட்டு எழுத ஒரு பணியாளர். விவசாயி தப்பாகச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நீங்கள் அவருக்குக் கொடுத்த அடையாள அட்டையில் அவருடைய ஊரும் சாகுபடி செய்யும் பயிரும் இருக்கின்றன. முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு வாரம் இடமில்லை என்று வைத்தால் போதும். பக்கத்துக் கடைக்காரரே பார்த்துக்கொள்வார், அவருக்கும் பெயர் முக்கியம்.

முதல் செந்தூரா வண்டி வருமுன் பலகையில் கட்டம் கிழித்துவிடுங்கள். ரகம் பிரித்துச் சொல்லவும், வாளிச் சோதனையைச் செய்து காட்டவும், மொட்டின் காம்பைக் காட்டி இன்றையது எது, நேற்றையது எது என்று விளக்கவும் எங்களில் விளைவிப்போர் காலை 5 மணிக்கே சந்தையில் இருப்பார்கள்.

இப்படிக்கு,
சந்தையில் வாங்குவோரும், மாவும் மல்லியும் காய்கறியும் விளைவிப்போரும்